இடப்பக்கம் சாயும் படகு

படகு வந்து சேர்ந்த அன்று துக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் வீட்டில் இன்னும் முழுசாகக் கலையவில்லை. காரியம் முடிந்து, வாடகைப் பாத்திரங்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, பந்தல்கால் பிடுங்கிய குழிகளை மூடச் சொல்லிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் ஒரு நீள லாரி வளைய முடியாமல் நின்று ஹாரன் அடித்தது. தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள், ஆனால் மூக்கு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் அப்படி ஒரு மூக்கை யாரும் பார்த்ததில்லை.

அது என் கணவர் ஆர்டர் கொடுத்திருந்த ஸ்பீட் போட். மேற்குக் கடற்கரையில் படகு கட்டும் ஏதோ ஒரு யார்டில் சொல்லிச் செய்தது. சிப்காட்டில் கம்பெனிகளுக்கு கிரேன் வாடகைக்கு விடுவது அவர் தொழில். அவரும் நானும் மணிலாக்கடலைக் கொல்லைக்கும் கரும்புக்கும் பிறந்தவர்கள். கடலூரில் குடியிருந்தும் வருஷத்துக்கு ஒரு தடவை சில்வர் பீச்சில் கணுக்கால் நனைப்பதோடு எங்கள் கடல் உறவு முடிந்தது. அப்படிப்பட்ட மனிதருக்கு படகுப் பைத்தியம் எங்கிருந்து பிடித்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சாப்பிடும்போதும் போனில் படகு வீடியோதான். தண்ணீரில் பாதியும் காற்றில் பாதியுமாகப் பறக்கும் படகுகள். "இன்னா வேகம் பாரு" என்பார். "கஞ்சி ஆறுது, குடிங்க" என்பேன்.

ஒருநாள் காலையில் தட்டின் முன் உட்கார்ந்தவர் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. துக்க வீட்டுக்குள்ளேயே யார்டிலிருந்து போன் வந்தது. விஷயத்தைச் சொன்னேன். வேண்டாமென்றால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுகிறோம் என்றார்கள். "அனுப்புங்க" என்றேன். யாரையும் கேட்கவில்லை. அவர் ஆசையாகக் காத்திருந்தது வரும்போது வாசலில் ஒருத்தியாவது நிற்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

தார்ப்பாயை விலக்கினால் அவருடைய கிரேனுக்கு அடிக்கும் அதே ஆரஞ்சுப் பெயிண்ட். வலது பக்கம் ஓட்டுகிறவர் சீட், நல்ல அகலம். நான் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் தலையணை வைக்க வேண்டும் போல இருந்தது. இடப்பக்கம் தனிச் சீட் இல்லை, இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு ஒரு பெஞ்ச். பின்னால் குறுக்கே ஒரு சின்னச் சீட், அதற்கும் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு எஞ்சின்.

சிதம்பரத்தில் இருக்கும் நாத்தனார், என் கணவரின் அக்கா, பார்த்தவுடன் சொன்னார்: "புது வண்டிய பூஜ போடாம எடுக்கக் கூடாது. கோயிலாண்ட கொண்டாந்துரு." அவர் வீடு நடராஜர் கோயிலை ஒட்டிய வீதியில் இருக்கிறது. குடும்பத்தில் எந்த வண்டி வாங்கினாலும் கீழ வீதிக்குக் கொண்டுபோய், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, ஸ்டார்ட் பண்ணி நசுக்கிய பிறகுதான் ஓட்டுவோம். டிராக்டருக்குச் செய்தோம், எல்லா கிரேனுக்கும் செய்தோம். படகுக்கு மட்டும் ஓரவஞ்சனை எதற்கு என்று டிரெய்லரோடு இழுத்துக்கொண்டு போனோம்.

கீழ வீதியில் அன்று டிராபிக் நின்றது. ஷேர் ஆட்டோக்காரர்கள் இறங்கி வந்து போனில் படம் எடுத்தார்கள். ஒருவர், "இன்னா மாமா, சிதம்பரத்துக்குக் கடல் வந்துடுச்சா?" என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டார். நான் கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். தாலியைக் கழற்றிய ஈரம் காயாதவள் நல்ல காரியத்துக்கு முன்னால் நிற்கக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சூடம் காட்டி முடிந்தது. நாத்தனார் திரும்பி என்னைத் தேடினார்.

"எங்க போற? நீ வந்து ஸ்டார்ட் பண்ணு."

"நான் எதுக்குக்கா..."

"என் தம்பி வண்டி. அவன் பொண்டாட்டிதான் ஸ்டார்ட் பண்ணணும். எவன் கேக்குறான்னு பாக்குறேன்."

அப்படிச் சொல்வார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ஏணி போட்டு டிரெய்லர் மேல் ஏறி, அந்த அகலச் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருகினேன். கீழ வீதியே அதிர்ந்தது. புறாக்கள் கோபுரத்தை விட்டுக் கிளம்பின. நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். டிராக்டருக்குக் கொடுப்பது போல நன்றாக முறுக்கி, தாராளமாக ஓட விட்டேன். ரப்பர் கருகிய வாடை வந்தது. சூட வாடையோடு சேர்ந்து ஏதோ என்று விட்டுவிட்டேன்.

முதுநகர் பக்கம் உப்பனாற்றில் படகை இறக்கியபோது பாண்டிச்சேரியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி, ஓயாத வாய். யார்டு சார்பில் இரண்டு மூன்று வாரம் எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. முதலில் ஒரு சிவப்புச் சுருள் கயிற்றை என் இடுப்பில் மாட்டினார். அதன் மறுமுனை சாவிக்குப் பக்கத்தில். ஓட்டுகிறவர் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், எஞ்சின் நின்றுவிடும். கழுத்தில் இருந்ததைக் கழற்றிவிட்டு இடுப்பில் ஒன்றைக் கட்டிவிட்டார்கள் என்று நாத்தனாரிடம் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆற்றில் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. படகு கத்த ஆரம்பித்தது. நிற்காத ஒரே ஊளை. மெக்கானிக் பாய்ந்து எஞ்சினை அணைத்தார். கரையில் நின்ற நாத்தனார் அங்கிருந்தே கூவினார்: "அவன்தாம்மா! அவனுக்குக் கோவம்! அவன் ஏற வேண்டியதுல நாம ஏறிட்டோம்!" வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நாத்தனார் கத்துவதற்கு முன்பே நானும் அதைத்தான் நினைத்திருந்தேன்.

மெக்கானிக் எஞ்சினின் அடிப்பகுதியைக் கழற்றி ஒரு சின்ன ரப்பர்ச் சக்கரத்தை எடுத்துக் காட்டினார். இதழ்கள் எல்லாம் பிய்ந்து கருகியிருந்தன.

"தண்ணி இல்லாம தரையில ஸ்டார்ட் பண்ணீங்களா மேடம்?"

"பூஜைக்குப் பண்ணோம்."

"இது ஆத்துத் தண்ணிய இழுத்து வுட்டாதான் எஞ்சின் சூடு தணியும், இல்லன்னா அலாரம் கத்தும். தரையில வச்சி முறுக்குனா வேற இன்னா ஆவும்?" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் அடக்கி வாசித்தார். "வுடுங்க, மாத்திரலாம்."

ரப்பர் மாற்றியதும் கத்தல் நின்றது. ஆனால் அந்த முதல் நினைப்பு நிற்கவில்லை. காரணம் தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்பார்கள். எனக்குக் காரணம் ஒரு பக்கமும் பயம் ஒரு பக்கமுமாக, ஒன்றையொன்று பார்க்காமல் குடியிருந்தன.

ஓட்டக் கற்றுக்கொண்டேன். டிராக்டர் ஓட்டிய கைக்கு அது பெரிய வித்தை இல்லை, பிரேக் இல்லாத வண்டி என்பதை மட்டும் மனசுக்குப் புரியவைக்க வேண்டியிருந்தது. காலையில் ஆறு கண்ணாடி போலக் கிடக்கும்போது மெதுவாகக் கிளம்பி, மீன்பிடி படகுகளைத் தாண்டி, முகத்துவாரம் கடந்து கடலுக்குப் போய் கைப்பிடியை முன்னால் தள்ளுவேன். மூக்கு மேலே எழும்பும், பிறகு இறங்கும், அதன் பிறகு தண்ணீர் இருப்பதே தெரியாது. ஊரில் பேசத்தான் பேசினார்கள். புருஷன் போன சுருக்கில் இந்தம்மா போட்டில் சுத்துது பார் என்று. சுத்தத்தான் சுத்தினேன். தெற்குக் காற்றில் சிப்காட்டின் கெமிக்கல் வாடை கடல் வரைக்கும் வரும். அவர் சட்டையில் தினமும் வீட்டுக்கு வந்த வாடை அது. மற்றவர்கள் மூக்கைப் பொத்தும் இடத்தில் நான் மூச்சை இழுத்துக்கொள்வேன்.

வேகம் ஏறினால் படகு இடப்பக்கம் சாய்ந்தது.

முதலில் அலை என்று நினைத்தேன். அலையே இல்லாத நாளிலும் சாய்ந்தது. அந்தப் பெஞ்சில் ஒரு கனத்த ஆள் உட்கார்ந்திருந்தால் எப்படித் தாழுமோ அப்படி. அந்தச் சாய்வை என் உடம்புக்குத் தெரியும். காரில் எப்போதும் நான்தான் ஓட்டுவேன். அவர் இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தவுடன் கார் அந்தப் பக்கம் ஒரு முறை அமுங்கும், நெல்லிக்குப்பம் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார். டவுன் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் அவரே இரண்டு பேர். ஜன்னலோரம் மகள், நடுவில் அவர், இந்தப் பக்கம் பாதி உடம்பு வெளியே தொங்க நான். "அப்பா, கொஞ்சம் நவுருப்பா" என்று மகள் முழங்கையால் இடிப்பாள். நகர்வது போல ஒரு அசைவு அசைவார், ஆனால் நகரமாட்டார்.

இத்தனை வருஷம் அப்படிப் பழகிய உடம்பு, படகு இடப்பக்கம் தாழ்ந்ததும் தானாக அடையாளம் கண்டுகொண்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் பெஞ்ச் காலியாக இருக்கும், அது எனக்குத் தெரியும். பார்க்காதவரை அவர் இருந்தார். கண்ணை நேரே வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தேன். கிரேன் டிரைவர் லீவு கேட்டதை, மகள் பேசுவதைக் குறைத்துக்கொண்டதை, பரணிலிருந்து பல்லி விழுந்ததை. எஞ்சின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்காது. கேட்க வேண்டியவருக்குக் கேட்கிறது என்று சந்தோஷமாக இருந்தேன். ஆமாம், சந்தோஷமாகத்தான் இருந்தேன். வீட்டில் ஒரு மூலையிலும் கிடைக்காதவர் கடலில் கிடைத்தார்.

மெக்கானிக் ஒருநாள் பெஞ்சில் உட்காரப் போனார். "பின்னால உக்காருங்க" என்றேன். குரலைக் கேட்டு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். கரைக்கு வந்ததும் சொன்னார்: "படகு ஒரு பக்கமா சாயுது மேடம். ஜாஸ்தி வேகத்துக்கு அது நல்லதில்ல, ஆட ஆரம்பிச்சிடும். பாட்டரிய எடம் மாத்துனா சரியாயிடும்."

"ஒண்ணும் மாத்த வேணாம். கை வைக்காதீங்க."

அவர் சொன்னது போலவே ஆடவும் ஆடியது. அன்று கடல் தட்டையாக இருந்தது, நான் வழக்கத்தைவிட வேகமாகப் போனேன். இடப்பக்கம் சாய்ந்த படகு வெடுக்கென்று வலப்பக்கம் விழுந்தது, மறுபடி இடப்பக்கம், மறுபடி வலம். ஒவ்வொரு ஆட்டமும் முந்தினதைவிடப் பெரிசு. அப்படி ஆடினால் உடனே கைப்பிடியைப் பின்னால் இழுக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். நான் இழுக்கவில்லை. பெஞ்சில் இருந்தவர் உடம்பை அசைத்து வசதியாக உட்காருகிறார் என்று எண்ணினேன். உட்காரட்டும் என்று விட்டேன். பின்சீட்டிலிருந்த மெக்கானிக்தான் தாவி வந்து என் கைமேல் கை வைத்து இழுத்தார். படகு தண்ணீரில் பொத்தென்று உட்கார்ந்தது. அன்று சாயங்காலமே மெக்கானிக் என் மகளுக்குப் போன் செய்துவிட்டார்.

மகள் சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் படிக்கிறாள். அப்பா போன பிறகு வீட்டுக்கு வருவதைக் குறைத்திருந்தாள், படகை ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லை. மறுநாள் காலை பஸ் பிடித்து வந்து நின்றாள். நான் சட்னி அரைக்கத் தேங்காய் கீறிக்கொண்டிருந்தேன். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் அடுப்படிக்கு வந்தாள்.

"இன்னாம்மா பண்ணிகினு இருக்க நீ? ஆடுதுன்னு தெரிஞ்சும் ஏன் வேகத்த கொறைக்கல?"

சொல்லக் கூடாது என்று நினைத்தேன். சொல்லிவிட்டேன். "ஒங்கப்பா பக்கத்துல உக்காந்திருக்காரு. சாயுது இல்ல, அது அவர்தான்."

கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. மிக்சியை இழுத்து வைத்து, அதைப் பிடிக்க வந்த என் கையை விலக்கிவிட்டு, பட்டனைத் திருகினாள். பிடிக்காமல் விட்ட மிக்சி திமிறிக்கொண்டு மேடை மேல் திரும்பியது. உடனே அணைத்தாள்.

"உள்ள ஒண்ணு ஒரு பக்கமா சுத்துனா வெளிய இருக்கறது எதிர்ப்பக்கம் திரும்பும். படகுல புரொப்பல்லர் வலப்பக்கமா சுத்துது, படகு எடது பக்கம் சாயுது. இந்த முறுக்குக்குப் பேரு டார்க். ஓட்டறவங்க வெயிட்டு அத அமுக்கிப் புடிக்கணும். நீ லேசா இருக்க. அவ்ளோதாம்மா. அது அப்பா இல்ல."

"ஒனக்குத் தெரியுமா?"

"யார்டுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். அப்பா அவரு வெயிட்டு சொல்லி, அவரு வலது பக்கம் உக்காந்தா நேரா நிக்கிற மாதிரி பாட்டரிய எடது பக்கம் வச்சிருக்காங்க." மிக்சி வயரைப் பிடுங்கினாள். "கரெக்டான வெயிட்டு சொல்லிருக்காரும்மா."

அதுதான் என்னை அடித்துப் போட்டது. மனுஷன் டாக்டரிடம் குறைத்துச் சொல்வார். நான் எடை பார்க்கச் சொன்னால் மெஷின் ரிப்பேர் என்பார். எடை குறையட்டும் என்று இரண்டு வருஷம் கஞ்சி காய்ச்சி ஊற்றிய எனக்குச் சொல்லாத உண்மையை, முகம் தெரியாத ஒரு படகுக்காரனிடம் சொல்லியிருந்தார். படகு நேராக ஓட வேண்டுமே என்ற கவலை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. செத்தவர் மேல் அப்படிக் கோபம் வரும் என்று யாரும் என்னிடம் சொல்லியிருக்கவில்லை.

"பொண்டாட்டிக்கும் பொண்ணுக்கும் தண்ணின்னா பயம், வரமாட்டாங்க, நான் தனியாத்தான் ஓட்டுவேன்னு சொன்னாராம். ஆனாலும் ரெண்டு பேரு உக்கார்ற பெஞ்சு போடுங்கன்னாராம்." இதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. "நீ அவர்கூட போய்ட்டீன்னா எனக்கு யாரும்மா இருக்கா?"

கீறிய தேங்காய் அப்படியே கிடந்தது. நான்தான் மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். "வந்து பாட்டரிய மாத்திக் குடுங்க" என்றேன்.

மாற்றிக் கொடுத்தார். "நீங்களும் பாப்பாவும் உக்காந்தா நேரா நிக்கிற மாதிரி வச்சிருக்கேன் மேடம். தனியா போனா லேசா ஒங்க பக்கம் எறங்கும், பயப்படாதீங்க" என்றார். அதைச் சோதித்துப் பார்க்க நான் தனியாகக் கிளம்பினேன். முகத்துவாரம் தாண்டி, தயங்கித் தயங்கி வேகமெடுத்தேன். இடப்பக்கம் தாழவில்லை. லேசாக மேலே எழும்பியது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது மறுமுனையில் இருப்பவர் எழுந்து போனால் நம் பக்கம் சட்டென்று இறங்குமே, அப்படி. அப்போது திரும்பிப் பார்த்தேன். காலி பெஞ்ச். ஆரஞ்சு விளிம்பில் உப்பு காய்ந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் அழுதேன், காரியத்தில் அழுதேன், அதெல்லாம் கணக்கில் வராது. என்னைப் பொறுத்தவரை அவர் செத்தது அன்று காலைதான். எஞ்சினை அணைத்துவிட்டு, கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் போன கட்டுமரக்காரர் துடுப்பை நிறுத்தி, "இன்னாக்கா, வண்டி நின்னுடுச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். இழுத்துக்கொண்டு போய்விடவா என்றார். வேண்டாம், தானே கிளம்பிவிடும் என்றேன்.

மகளின் பரீட்சை முடிந்த அன்று அவளைக் கூட்டிவர காரை எடுக்கவில்லை. கடல் வழியாகப் பரங்கிப்பேட்டைக்குப் போய் வெள்ளாற்றுக்குள் நுழைந்து படகுத்துறையில் காத்திருந்தேன். ஷேர் ஆட்டோவில் பையோடு வந்து இறங்கினாள். படகை முதல் தடவையாக நேரில் பார்த்தாள். பெயிண்டைத் தடவி, "கிரேன் கலரு" என்றாள். லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, சிவப்புக் கயிறு என் இடுப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறினாள்.

ஆற்றைவிட்டு வெளியே வந்து வடக்கே திரும்பி வேகம் கொடுத்தேன். படகு இடப்பக்கம் சாய்ந்தது.

மெக்கானிக் கணக்குப்படி சாயக் கூடாது. நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம், நேராகத்தான் நிற்க வேண்டும். வேகத்தைக் குறைத்துவிட்டுத் திரும்பினேன்.

மகள் பெஞ்சின் கடைசி ஓரத்தில், படகின் விளிம்போடு விளிம்பாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் ஜன்னலோடு நசுங்கி உட்காருவாளே, அதே மாதிரி. முழங்கையைக்கூட உடம்போடு ஒடுக்கி வைத்திருந்தாள். அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு பெரிய ஆள் தாராளமாக உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தாள். டார்க் என்று எனக்கு மிக்சி போட்டுக் காட்டியவள்.

"இந்தப் பக்கம் தள்ளி உக்காரு" என்றேன்.

"பரவால்லம்மா. இருக்கட்டும்."

"படகு சாயுது பாப்பா."

நடுவில் இருந்த இடத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் ஒரு கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து, காலியாக இருந்த இடத்தைத் தட்டிக் காட்டினேன்.

"வா. எடம் இருக்குது."

கண்ணை மூடிக்கொண்டு நகர்ந்தாள். படகு நேரானது.